திறக்கத் தெரிந்த கைக்கு அடைக்கவும் தெரிய வேண்டும்

(திருமறைக்காட்டில் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பிள்ளைகளும் கைப்பேசியும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இப்பொருள் பற்றி நாட்டில் இருவகைப் பேச்சே கேட்கிறோம். ஒரு சாரார், 'அதைத் தூக்கிக் கடலில் எறியுங்கள்' என்பர். மற்றொரு சாரார், 'காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்பர். முன்னது நடவாது, பின்னது தகாது. எறியச் சொல்வோர் கையிலும் அக்கருவி இருக்கிறது. விட்டுவிடச் சொல்வோர் வீட்டிலும் பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒளியூட்டிக் கிடக்கிறது. ஆகவே இவ்விரண்டையும் விடுத்து, நம் ஊர்க் கதவொன்றிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

நம் திருமறைக்காட்டுக் கோயிலின் கதவு பற்றிய செய்தியை அறியாதார் இவ்வூரில் இலர். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த அக்கதவைத் திறக்க நாவுக்கரசர் பாடினார் என்றும், அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். திறப்பதற்கு ஒரு பதிகம் முழுவதும் வேண்டியிருந்தது. அடைப்பதற்கோ முதற் பாட்டே போதுமானதாயிற்று. இதனை நம்புவோர் நம்புக. கதையாகக் கொள்வோர் கதையாகக் கொள்க. நான் இங்கு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கருத்தைத்தான். கதவு என்றால் அதற்கு இரு செயல்கள் உண்டு. திறக்கவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும். திறக்க மட்டும் ஆகி, அடைக்க ஆகாத ஒன்றைக் கதவு என்று எவரும் சொல்லார். உடைப்பு என்றே சொல்வர். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு உடைப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் கதவு அக்கதையை முற்றிலும் திருப்பிப் போட்டுவிட்டது. திறப்பதற்குப் பதிகமும் வேண்டா, பாட்டும் வேண்டா. விரல் நுனி பட்டால் போதும். அடைப்பதற்கோ தாயின் சினம், தந்தையின் அடி, பாட்டியின் கண்ணீர் இத்தனையும் வேண்டியிருக்கின்றன. அப்பொழுதும் அடைபடுவதில்லை. ஏன் இவ்வாறாயிற்று? இதன் கரணியத்தை அறியாமல் பிள்ளையைத் திருத்தப் புகுவது, நோய் நாடாமல் மருந்து கொடுப்பது போன்றதாகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகத்து 15-ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. இலங்கையின் ரூபவாகினி 1982-இல் தொடங்கிய பின்பு, கடலுக்கு அப்பாலிருந்து வரும் படத்தைப் பிடிப்பதற்காக இக்கடற்கரையூர் வீடுகளின்மேல் உயர்ந்த கம்பங்கள் நின்றன. அன்றும் மூத்தோர், 'பிள்ளைகள் கெட்டார்கள்' என்றுதான் முணுமுணுத்தனர். ஆயினும் அன்றைய தொலைக்காட்சிக்கு ஒரு பண்பு இருந்தது, அது முடிந்தது. இரவில் ஒளிபரப்பு நின்றது; திரை வெறுமையாயிற்று; பார்த்தவர் எழுந்து படுக்கப் போயினர். நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கூத்துக்கு விடியல் உண்டு. தெரு விளையாட்டுக்குப் பொழுது சாய்தல் உண்டு. பண்டு நம்மைக் கவர்ந்த பொருள்கள் யாவும் தம் முடிவைத் தாமே சொல்லின. அவற்றை அடைக்கும் பொறுப்பை அவையே மேற்கொண்டன.

இன்றைய திரைக்கு அம்முடிவு இல்லை. இல்லாமற் போனதும் தற்செயலன்று; வேண்டுமென்றே நீக்கப்பட்டது. பக்கத்தின் அடியை எட்டியவுடன் அடுத்த பக்கம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை 2006-ஆம் ஆண்டில் அசா இரசுகின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கினார். பின்னாளில் அதன் விளைவை எண்ணி அவரே வருந்திப் பேசினார். யூடியூப் எனப்படும் வலையொளியில் ஒரு படம் முடிந்தவுடன் மற்றொன்று தானே ஓடத் தொடங்கும் அமைப்பு 2015-இல் வந்தது. டிக்டாக் செயலியை இந்திய அரசு 2020-ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் தடை செய்தது. ஒரு கதவு அடைபட்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த மூன்று மாதங்களுக்குள் அதே வகைக் குறும்படங்களை இன்சுடாகிராமும் யூடியூபும் இந்நாட்டில் தொடங்கிவிட்டன. அரை மணித்துளிப் படம் ஒன்று, அதன்பின் மற்றொன்று, அதன்பின் இன்னொன்று. அடுத்து வருவது நன்றாயிருக்குமோ, நன்றாயிராதோ என்று தெரியாது. தெரியாமையே அங்குத் தூண்டில். தூண்டிலில் ஒவ்வொரு முறையும் மீன் படுவதில்லை; படாத முறைகளே அடுத்த முறையை எறியச் செய்கின்றன. கடலுக்குப் போகும் நம் உடன்பிறப்புகள் இதை நன்கறிவர். இங்கு மீன் நம் பிள்ளை என்பது மட்டுமே வேறுபாடு.

பெற்றோரீர்! இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. பத்து அகவைப் பிள்ளை திரையை விட்டு எழாதிருப்பது அதன் கெட்ட குணத்தால் அன்று. பல்லாயிரம் பொறியாளர்கள், மிக்க ஊதியம் பெற்றுக்கொண்டு, எழவிடாமற் செய்வதையே தொழிலாகச் செய்கின்றனர். பார்க்கும் ஒவ்வொரு மணித்துளியும் விளம்பரமாக விற்கப்படுகிறது. அவ்வணிகத்துக்கு எதிரே ஒரு குழந்தையின் மனவுறுதியை மட்டும் நிறுத்திவிட்டு, 'உனக்கு அடக்கம் இல்லை' என்று திட்டுவது முறையன்று.

இக்கருவி நம் வீடுகளுக்குள் வந்த வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சியோ நிறுவனம் தொடங்கியபின் இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தது 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். இடைப்பட்ட ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில், 'பேசியைத் தொடாதே' என்று அதுவரை சொல்லிவந்த நாமே, 'பேசியைத் திற, பாடம் வந்திருக்கிறது' என்று சொன்னோம். கடன் வாங்கிக் கருவி வாங்கிய குடும்பங்கள் இவ்வூரில் உண்டு. பள்ளி திறந்தது, பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது, பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. திறந்தவர் நாம். ஆகவே அடைக்கும் கடமையும் நம்முடையதே.

ஆயினும் இங்குள்ள பெற்றோரைக் குறை கூற என் நா எழவில்லை. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர் இருக்கிறீர்கள். இருள் பிரியாத வேளையில் முல்லை பறிக்கப் போகும் தாய்மார் இருக்கிறீர்கள். கடலுக்குப் போய் வந்து வலை உலர்த்துவோர் இருக்கிறீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் பேசியே ஆளாகிவிடுகிறது. மேலும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் தந்தையின் முகம் பல பிள்ளைகளுக்கு அத்திரையில்தான் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டா என்று எந்த அறிஞனும் சொல்லான். நான் மறுப்பது திரையை அன்று, முடிவின்மையை.

மருத்துவர்கள் இதற்கு அளவு வகுத்துள்ளனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டிலும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் அதன்பின் வெளியிட்ட வழிகாட்டலிலும் ஏறத்தாழ ஒன்றுபட்டே கூறுகின்றன. இரண்டு அகவை நிறையும் வரை திரை கூடவே கூடாது. உறவினருடன் எப்போதேனும் முகம் பார்த்துப் பேசுவது மட்டும் விலக்கு என்று நம் நாட்டு மருத்துவர் கூறுகின்றனர். இரண்டு முதல் ஐந்து அகவை வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதுவும் பெரியவர் உடனிருக்க. ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக. அதற்கு மேற்பட்ட அகவையினர்க்கும், உறக்கம், விளையாட்டு, படிப்பு, குடும்பத்தாருடன் பேச்சு ஆகியவற்றின் இடத்தைத் திரை பறித்தல் கூடாது. கண்ணைப் பற்றி ஒன்று சொல்வேன். வெளியொளியில் உலவும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை வருவது குறைகிறது என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட செய்தி. தைவான் நாட்டுப் பள்ளிகளில் 2010-ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளை நாள்தோறும் 120 மணித்துளி வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறை அதன்பின் சில ஆண்டுகளில் இறங்கத் தொடங்கியது. அத்திட்டத்தின் முதன்மை மருந்து வெயில். நமக்கோ அது விலையின்றிக் கிடைக்கிறது.

மருத்துவர் கூறுவதை நம் முன்னோர் வேறு வகையில் கூறியுள்ளனர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைத் தமிழாசிரியர் யாவரும் நடத்துகிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழு பருவங்களை வரிசையாக ஒப்புவிக்கச் செய்கிறோம். ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாற்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் எஞ்சியவற்றைச் சேர்க்கிறோம். மதிப்பெண் கிடைக்கிறது, பொருள் கிடைப்பதில்லை. அவ்வரிசையை உற்று நோக்குங்கள். செங்கீரை, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். தால், நாவசையத் தாலாட்டுக் கேட்கும் பருவம். சப்பாணி, கை கொட்டும் பருவம். வருகை, தளர்நடையிட்டு வரும் பருவம். சிறுபறை கொட்டவும் சிறுதேர் உருட்டவும் கையும் காலும் வேண்டும். கழங்கும் அம்மானையும் ஆட, எறிந்து பிடிக்கும் கண்ணும் எண்ணும் கருத்தும் வேண்டும். ஒரு குழந்தையின் உடல் எந்தெந்தப் படியில் எந்தெந்தச் செயலைக் கற்க வேண்டும் என்பதற்கு வகுத்த அட்டவணையாகவே அது நிற்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் குழந்தைக்கு எதிரே ஓர் ஆள் நின்று, 'ஆடுக, கொட்டுக, வருக' என்று அழைக்கிறார். அவ்வழைப்புக்குக் குழந்தை விடை தருகிறது. திரையும் அழைக்கிறது; ஆனால் குழந்தை தரும் விடையைத் திரை கேட்பதில்லை. வேறுபாடு இதுவே.

அம்புலிப் பருவத்தை மட்டும் தனியே எண்ணுங்கள். நிலவைக் காட்டிச் சோறூட்டிய தாய், ஒரு கையால் மேலே காட்டினாள், மறு கையால் ஊட்டினாள், வாயால் பேசினாள். குழந்தை நிலவைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, சோற்றைப் பார்த்தது. 'போதும்' என்று தலையைத் திருப்பியபோது தாய்க்குத் தெரிந்தது. இன்று நிலவு காட்டிய கை பேசியைக் காட்டுகிறது. குழந்தை வாயைத் திறக்கிறது. உண்பது இன்னதென்று அறியாது. பசி தீர்ந்ததையும் அறியாது. விரைவில் ஊட்டி முடித்தோம் என்பது உண்மையே. ஆனால் உண்ணுதல் என்னும் முதற்கல்வி அங்கு நடைபெறவில்லை.

சரி, திரையைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை தானே விளையாடப் போய்விடுமா? போகாது. வெறுமையை எவரும் விரும்பார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், கசாப் புயல் நாகைக்கும் திருமறைக்காட்டுக்கும் இடையே கரை கடந்தது. தென்னையும் மாவும் வீழ்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்கள் வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாள்கள் மீண்டும் வருவதை எவரும் விரும்பார். ஆயினும் அவ்விருளில் என் தெருவில் நான் கண்ட ஒன்றைக் கூற வேண்டும். பெரியவர்கள் வேறு வேலையில்லாமல் திண்ணையில் அமர்ந்தனர். அவர்கள் அமர்ந்ததால் பிள்ளைகளும் வந்து அமர்ந்தனர். ஒரு பாட்டி தாயக்கட்டையை எடுத்து வந்தாள். விளக்கு இல்லாமற் போனதால் மட்டும் பிள்ளைகள் அங்கு வந்துவிடவில்லை. பெரியவர்க்கு அவர்களோடு இருக்க நேரம் வாய்த்ததால் வந்தனர். மின்விளக்கு மீண்டும் எரிந்தபோது முதலில் திண்ணையை விட்டு எழுந்து போனவர்களும் பெரியவர்களே.

ஆகவே பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, முடிவுள்ள பொருள். மற்றொன்று, உடனிருக்கும் ஆள். நம் விளையாட்டுகள் இவ்விரண்டையும் ஒருங்கே உடையன. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தாக இட்டால் எழுபது காய். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்குப் போய் முடியும் என்று எடுக்குமுன்பே எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கு தானே வரும். எதிராளியின் குழிகளை நிரப்பக் காய் இல்லாதபோது ஆட்டம் முடியும். முடிந்ததும் எழுந்து போகலாம். கிட்டிப்புள்ளுக்கும் சடுகுடுவுக்கும் நொண்டிக்கும் அவ்வாறே முடிவு உண்டு, வெற்றி உண்டு, தோல்வி உண்டு, நாளை மீண்டும் ஆடுவோம் என்னும் ஆவல் உண்டு. தோற்று அழுது, மறுநாள் தோற்றவனோடே கைகோத்து வரும் பயிற்சியை எந்தத் திரை தரும்?

விளையாட்டோடு இந்நிலத்தையும் சேர்த்துச் சொல்வேன். கழக இலக்கியத்தின் முல்லைப் பாடல்களில் 'இரலை' என்னும் சொல் வரும். 'ஒருவகை மான்' என்று பிள்ளைகள் எழுதுகின்றனர். முறுக்கிய கொம்புடைய அவ்விரலையைத்தான் இன்று வெளிமான் என்கிறோம். அது மந்தை மந்தையாக உலவும் கோடிக்கரைக் காடு, இங்கிருந்து மிதிவண்டியில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டிலேயே அதனைக் காப்பிடமாக அறிவித்தனர். 2002-இல் அங்குள்ள நீர்நிலம் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் நெடுந்தொலைவிலிருந்து அங்கு வந்து இறங்குகின்றன. ஆப்பிரிக்கச் சிங்கம் மானைத் துரத்துவதை நூறு முறை திரையில் கண்ட நம் பிள்ளை, தன் ஊர் இரலையை ஒரு முறையேனும் கண்டதுண்டா? பொன்னியின் செல்வன் திரைப்படம் 2022-இல் வந்தபோது கோடிக்கரை பற்றி வியந்து பேசிய பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்கரையில் கால் நனைத்தனர்? சொல்லைக் கற்றுப் பொருளைக் காணாத கல்வி உமியைக் குத்துவதாகும். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றொரு ஞாயிறு அகத்தியன்பள்ளி உப்பளத்தில் கடல்நீர் எவ்வாறு பாத்தியில் கட்டப்பட்டு, வெயிலில் சுண்டி, உப்பாகப் பூக்கிறது என்று காட்டுங்கள். 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் 30-ஆம் நாள் இராசாசியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் அது. தொட்டுப் பார்த்த உப்பை எந்தப் பிள்ளையும் மறவாது.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 'வெளியில் போய் விளையாடு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆண்பிள்ளையிடமே. பெண்பிள்ளை பன்னிரண்டு அகவையை எட்டியவுடன் தெரு அவளுக்கு அடைபடுகிறது, திடல் அடைபடுகிறது, கடற்கரை அடைபடுகிறது. எஞ்சியுள்ள பலகணி அந்தக் கைப்பேசி ஒன்றுதான். பின்பு அதைக் காட்டி, 'எப்போதும் அதிலேயே கிடக்கிறாள்' என்று குறை கூறுகிறோம். தெருவையும் மூடித் திரையையும் மூடச் சொல்வது அறமாகாது. பெண்பிள்ளைகள் அச்சமின்றி மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாட, இவ்வூரில் ஓரிடம் வேண்டும். பள்ளித் திடலை மாலை ஆறரை மணி வரை திறந்துவைத்து, தாய்மார் இருவர் முறைவைத்து உடனிருந்தால் அது இயலும். இக்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய செய்திகளுள் இதனையே முகாமையானதாக நான் கருதுகிறேன்.

'திரையைக் குறைத்தால் பிள்ளை பிறரினும் பின்தங்கிவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். திரையில் நல்லன இல்லையென்று நான் கூறவில்லை. 1998 முதல் மதுரைத் திட்டத்தார் நம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி விலையின்றி வழங்குகின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் பாடங்களை ஒளிபரப்புகிறது. கோடிக்கரையில் கண்ட பறவையைப் படம் பிடித்து வந்து, அதன் பெயரைத் தேடிக் கண்டு, ஏட்டில் எழுதும் பிள்ளைக்குத் திரை நல்ல ஏவலாள். வேலை முடிந்ததும் ஏவலாளை அனுப்பிவிடலாம். அனுப்பினாலும் போகாதிருப்பவன் ஏவலாள் அல்லன், ஆண்டை.

இனி, அடைப்பது எவ்வாறு? ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. தனியே நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். ஆடுகள் ஒன்றின்பின் ஒன்று இடைவெளியின்றி நின்றால் புலி நகர வழியின்றி மடங்கும். இதில் அடங்கியுள்ளது நாம் செய்ய வேண்டிய வேலை முழுவதும். ஒரு வீட்டில் மட்டும் அடைத்தால் பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போகும். 'அவன் வீட்டில் தருகிறார்கள், நம் வீட்டில் மட்டும் ஏன்?' என்று கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்வது அரிது. ஊரே சேர்ந்து அடைத்தால் அக்கேள்வியே எழாது.

இவ்வாறு செய்து காட்டிய ஊர் ஒன்று உண்டு. மராட்டிய மாநிலம் சாங்கிலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்பது ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழும் சிற்றூர். பெருந்தொற்றுக் காலத்துப் பழக்கம் பிள்ளைகளை விடாதிருப்பதைக் கண்ட அவ்வூரார், 2022-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஒரு முடிவெடுத்தனர். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும். ஊதியவுடன் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைப்பர். எட்டரை மணிக்கு மீண்டும் ஊதும் வரை பிள்ளைகள் படிப்பர். பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவர். தொடக்கத்தில் சிரித்தவர்களும் இருந்தனர். வீடு வீடாகச் சென்று சொன்ன பின்பு பழக்கம் படிந்தது. சீனம் 2021-இல், அகவை நிறையாதோர் இணைய விளையாட்டை வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டுமே ஆடலாம் என்று விதித்தது. ஆத்திரேலியா 2025-ஆம் ஆண்டு திசம்பர் முதல் பதினாறு அகவைக்குட்பட்டோர்க்குக் குமுகாய வலைத்தளக் கணக்கைத் தடுத்துள்ளது. அரசு செய்வதை அரசு செய்யட்டும். ஓர் ஊர் செய்யக்கூடியதை அச்சிற்றூர் தானே செய்து காட்டியிருக்கிறது.

எனவே இவ்வூர்க்கு நான் வேண்டிக்கொள்வன இவை:

முதலாவது, வரும் தைத் திங்கள் முதல் நாள் தொடங்கி, மாலை ஏழு மணி முதல் எட்டரை வரை நம் தெருக்களில் திரை அடைந்திருக்கட்டும். கோயில் மணியோ, பள்ளிவாசல் அழைப்போ, தேவாலய மணியோ, அந்தந்தத் தெருவுக்கு எது கேட்கிறதோ அதுவே குறியாகட்டும்.

இரண்டாவது, திறக்குமுன் முடிவைச் சொல்லச் செய்யுங்கள். 'என்ன பார்க்கப் போகிறாய்? அது எப்போது முடியும்?' என்று கேளுங்கள். முடிவுள்ள ஒரு கதை, ஒரு பாடம், ஒரு படம் என்றால் திறக்கட்டும். முடிவைச் சொல்ல இயலாததைத் திறவாதிருக்கட்டும். தானே அடுத்ததை ஓட்டும் அமைப்பை அணைத்து வையுங்கள்.

மூன்றாவது, பேசிக்கு வீட்டில் ஓர் இடம் குறியுங்கள். விளக்கு மாடமோ, அடுக்களைத் தட்டோ, எதுவாயினும் ஆகுக. உண்ணுமிடத்துக்கும் படுக்குமிடத்துக்கும் அது வருதல் கூடாது. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது தன் இடம் போய்ச் சேரட்டும்.

நான்காவது, அடைத்த நேரத்தில் கைக்கு ஒன்று கொடுங்கள். பல்லாங்குழிப் பலகை ஒன்று வீட்டுக்கு இருக்கட்டும். கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பாக்கி, பெற்றோரும் உடன்சென்று நூல் எடுத்து வாருங்கள்.

ஐந்தாவது வேண்டுகோள் என் இனத்தாராகிய ஆசிரியர்க்கு. வீட்டுப்பாடத்தை வாட்சாப்பு என்னும் புலனக் குழுவில் இரவு எட்டு மணிக்கு அனுப்பிவிட்டு, காலையில் 'ஏன் பேசியைப் பார்க்கிறாய்?' என்று பிள்ளையைக் கேட்பது பொருந்துமா? பாடத்தை வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதுவோம். பிள்ளை ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். பள்ளி தன் பங்குக் கதவை முதலில் அடைக்கட்டும்.

இவை யாவும் எளியன; பணம் வேண்டாதன. ஆனால் ஒன்று வேண்டும். அடைக்கச் சொல்லும் கை, தான் பிடித்திருப்பதை முதலில் கீழே வைக்க வேண்டும். பிள்ளை நம் சொல்லைக் கேட்டு வளர்வதைக் காட்டிலும் நம் கையைப் பார்த்து வளர்வதே மிகுதி. உப்பளத்திலும் கடலிலும் வயலிலும் உழைத்துக் களைத்து வரும் உங்களை நோக்கி, ஒன்றரை மணி நேரத்தைக் கேட்கிறேன். உங்களிடம் மிகக் குறைவாக உள்ள செல்வம் அதுவே என்பதையும் அறிந்தே கேட்கிறேன். பிள்ளை உங்களிடம் கேட்பதும் அதைத்தான்; கேட்கும் சொல் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. அதனால் பேசியைக் கேட்கிறது.

இன்று மாலை ஏழு மணிக்கே தொடங்கலாம். தை வரை காத்திருக்க வேண்டா.